தூக்குமேடையில் தொடங்கும் வாழ்க்கை வரலாறு: மலாயா கணபதியை முன்வைத்து ஓர் ஆய்வு

வாழ்க்கை வரலாறு எழுதுவோர்க்கு எளிய தலைவர்கள் உளர். அரிய தலைவர்களும் உளர். புலவர், வள்ளல், சமயச் சான்றோர் ஆகியோரின் வாழ்வைப் படிப்படியாக அடுக்கிச் செல்வது எளிது. ஆயுதம் ஏந்திய அரசியலின் வழியே சென்று மறைந்த ஒருவரின் வாழ்வை எழுதுவது அத்துணை எளிதன்று. அவருடைய இறுதி நிகழ்ச்சியின் ஒளி கண்ணைக் கூசச் செய்து, அதற்கு முன்னிருந்த ஆண்டுகளை இருளாக்கிவிடுகிறது. சிங்கப்பூரில் வளர்ந்து, மலாயாவின் தொழிற்சங்க இயக்கத்திற்குத் தலைமை ஏற்று, 1949-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்ட எஸ். ஏ. கணபதியின் வாழ்வு தமிழில் சொல்லப்படும் முறை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

தஞ்சை மண்ணின் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, சிறுவனாக இருக்கும்போதே சிங்கப்பூர் வந்து இங்கேயே கல்வி கற்றார். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியில் ஈடுபட்டார். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தின் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராகப் பணியாற்றினார். போருக்குப்பின் ‘முன்னணி’ என்னும் தமிழ் இதழின் ஆசிரியராக விளங்கினார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். ஏறத்தாழ மூன்று இலட்சம் தொழிலாளர்கள் அதன் குடைக்கீழ் இருந்ததாகக் கூறுவர். 1948-இல் அச்சம்மேளனம் சட்டத்திற்குப் புறம்பானதாக்கப்பட்டது. 1949 மார்ச் 1-ஆம் நாள் செலாங்கூரில் ரவாங் வட்டாரத்து வாட்டர்ஃபால் தோட்டத்தருகே அவர் கைதானார். கைத்துப்பாக்கி ஒன்றும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மார்ச் 15-ஆம் நாள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினான்கு நாள். கைதுக்கும் தூக்குக்கும் இடையே அறுபத்து நான்கு நாள்.

மேற்கண்ட செய்திகளுள் பரவலாக நினைவில் நிற்பது எது? இறுதிப் பகுதி மட்டுமே. துப்பாக்கி, தீர்ப்பு, கயிறு ஆகிய மூன்றுமே கணபதி என்னும் பெயருடன் ஒட்டி நிற்கின்றன. பயிற்றுநர், இதழாசிரியர், சங்கத் தலைவர் என்பன அடைமொழிகளாகச் சுருங்கிவிட்டன.

மூவகைக் கூற்றுகள்

கணபதியின் வாழ்வு மூன்று வகையாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. முதலாவது அரசின் கூற்று. அவசரகாலத்தின் தொடக்க ஆண்டுகளில் காட்டிலிருந்தோரைக் ‘கொள்ளையர்’ என்னும் பொருள்படும் சொல்லாலேயே பிரித்தானிய நிருவாகம் குறித்தது. 1952-இல் அச்சொல்லைக் கைவிட்டுக் ‘கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி’ என்னும் தொடரை மேற்கொண்டது. சொல் மாறியதேயன்றி அதன் வேலை மாறவில்லை. இரண்டு சொற்களும் ஒரு மனிதனின் முன்கதையைக் கேட்க வேண்டுவதில்லை என்று படிப்போரிடம் கூறுவன. கொள்ளையனுக்குக் கோரிக்கை இல்லை; ஆதலின் மூன்று இலட்சம் பேரின் சங்கம் எதைக் கேட்டது என்னும் வினாவும் எழுவதில்லை.

இரண்டாவது இரங்கல் கூற்று. தமிழகத்தில் இத்தூக்கு பெருஞ்சினத்தை எழுப்பியது. மு. கருணாநிதி ‘கயிற்றில் தொங்கிய கணபதி’ என்னும் தலைப்பில் எழுதினார். அந்நாளில் அத்தலைப்பு ஆற்றிய பணி பெரிது. கடல் கடந்த ஓர் அநீதியைத் தமிழகத் தெருமுனைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு அத்தகைய தலைப்பே வேண்டியிருந்தது. ஆயினும் தலைப்பில் இருப்பது கயிறும் பெயருமே என்பதைக் கருத வேண்டும். கண்டன இலக்கியத்திற்கு இஃது இயல்பு. அதனையே வாழ்க்கை வரலாற்றின் முறையாகப் பின்வந்தோர் கொண்டதுதான் பிழையாயிற்று.

மூன்றாவது நாட்டுரிமைக் கூற்று. கணபதி இந்தியக் குடிமகன், அவர் உயிரைக் காக்க இந்திய அரசு முயன்றது, முயற்சி பலிக்கவில்லை. 1949 ஏப்ரல் 28-ஆம் நாள் இலண்டனில் இந்தியா குடியரசாகவே காமன்வெல்த்தில் தொடர்வதென்னும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. ஆறு நாட்களுக்குப்பின் கோலாலம்பூரில் கயிறு இறுகியது. இவ்விரு நாட்களையும் அருகருகே வைத்துக் காட்டுவது இக்கூற்றின் வலிமை. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் சொல்லுக்குப் பேரரசு தந்த மதிப்பு இவ்வளவே என்பது அதன் உட்பொருள். இங்கும் கணபதி இந்தியாவின் தன்மானத்துக்கு ஓர் உவமையாகிறாரேயன்றி ஒரு மனிதராக முன்வருவதில்லை.

மூன்று கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பன. எனினும் அவை ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. மூன்றும் தூக்குமேடையிலிருந்தே கதையைத் தொடங்குகின்றன.

நடுகல் மரபும் அதன் எல்லையும்

இதற்குத் தமிழ் மரபிலேயே ஒரு வேர் உண்டு. வீழ்ந்த வீரனுக்குக் கல்நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாக வகுக்கிறது. இன்று கிடைக்கும் நடுகற்களுட் பல, வீரன் எந்தப் பூசலில் எவ்வாறு பட்டான் என்பதையே பொறித்து நிற்கின்றன. அவன் எத்தனை ஆண்டு ஆனிரை மேய்த்தான், எவரோடு சண்டையிட்டு எவரோடு சமாதானமானான் என்பவற்றைக் கல் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கல்லின் பரப்பு சிறிது; அதன் நோக்கம் வழிபாடு.

உரைநடையின் பரப்பு பெரிது. வாழ்க்கை வரலாற்றின் நோக்கம் அறிதல். ஆறு துறைகளுள் முதலாவது காட்சி என்பதை ஈண்டு நினைவு கூரலாம். நடுதற்கேற்ற கல்லைத் தேடிச் சென்று காண்பது அது. தேடிக் காணாமல் நடுவதும் வாழ்த்துவதும் மரபன்று. தமிழில் தியாகியர் வரலாறு எழுதுவோருட் பலர் காட்சியைக் கடந்து நேரே வாழ்த்தலுக்குச் சென்றுவிடுகின்றனர். ‘வீரமரணம்’ என்னும் ஒரு சொல்லை எழுதியவுடன் மரணத்தைப் பற்றியும் வீரத்தைப் பற்றியும் இனிக் கேட்க ஒன்றுமில்லை என்னும் எண்ணம் உண்டாகிவிடுகிறது.

சிங்கப்பூர் ஆண்டுகள்

தேடிக் காண்பதென்றால் சிங்கப்பூரிலிருந்து தொடங்க வேண்டும். 1942 பிப்ரவரி 17-ஆம் நாள், தேக்காவை அடுத்துள்ள ஃபேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்களைப் பிரித்தானியர் சப்பானியரிடம் ஒப்படைத்தனர். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அத்திடலில் தொடங்கியது. 1943 அக்டோபர் 21-ஆம் நாள் கத்தே அரங்கில் சுபாசு சந்திரபோசு தற்காலிக அரசை அறிவித்தார். சிராங்கூன் சாலைக் கடைக்காரரும் கூலித் தொழிலாளியும் தம்மை ஓர் அரசின் குடிகளாக எண்ணிப் பார்த்த காலம் அது. அப்படையில் பயிற்றுநராக நின்ற கணபதி கற்றதும் கற்பித்ததும் ஆயுதப் பயிற்சி மட்டுமாக இருந்திருக்க முடியாது. அணிவகுப்பில் நிற்பவன் தோட்டத்துக் கங்காணிக்கு முன் குனிந்து நிற்பவனாக மீண்டும் ஆவது அரிது.

இங்கே வரலாற்றாசிரியன் தவிர்க்கக்கூடாத ஓர் இடர் உண்டு. இந்திய தேசிய இராணுவம் சப்பானியரின் துணையோடு இயங்கியது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியோ அதே சப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்டது. சயாம் மரண ரயில் பாதைக்குச் சப்பானியர் ஓட்டிச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மீளவில்லை. இம்மூன்று உண்மைகளும் ஒரே தலைமுறையின் நெஞ்சில் எவ்வாறு இடங்கொண்டன? கணபதியின் வாழ்வை எழுதுவோர் இரண்டு அடைமொழிகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, அவற்றுக்கிடையே உள்ள முரண்பாட்டைக் காணாதவர் போலக் கடந்து செல்கின்றனர். அம்முரண்பாட்டை ஆராயும்போதே அம்மனிதர் உயிர் பெறுவார். பேரரசை வெறுத்தல், தொழிலாளரோடு நிற்றல் என்னும் இரு கடமைகள் ஒரு காலத்தில் எதிரெதிர்த் திசையில் இழுத்திருக்கக் கூடும். போர் முடிந்தபின் அவை ஒரே திசையில் திரும்பின.

போர் முடிந்த சிங்கப்பூரில் சப்பானியர் வெளியிட்ட நாணயத் தாள் வெறும் தாளாயிற்று. அரிசி பங்கீட்டில் கிடைத்தது போதவில்லை. கள்ளச் சந்தையில் விலை எட்டவில்லை. துறைமுகத்திலும் நகராட்சியிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழர் பெருந்தொகையாக உழைத்தனர். 1945 அக்டோபரில் சிங்கப்பூர்ப் பொதுத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1946 சனவரி 29, 30 ஆகிய இரு நாட்களில் நடைபெற்ற பொது வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர் கலந்துகொண்டனர். சீனரும் தமிழரும் மலாயரும் ஒரே அழைப்பை ஏற்று வேலையை நிறுத்திய நிகழ்ச்சி அது. கணபதி தலைமை ஏற்ற சம்மேளனம் இந்த அலையின் மேல் எழுந்ததே. அவரைத் துப்பாக்கியோடு மட்டும் காட்டுவோர் இந்த அரிசிக் கணக்கையும் கூலிக் கணக்கையும் மறைத்துவிடுகின்றனர். அறிந்தே மறைப்போர் சிலர்; அறியாது மறைப்போர் பலர்.

1948 சூனில் மலாயாவின் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர் அதன் சங்கப் பொறுப்பில் இருத்தல் கூடாது. பல தொழில்களைச் சார்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாகக் கூடுதல் கூடாது. இவ்விரு விதிகளால் அகில மலாயாச் சம்மேளனத்தின் உயிர் பிரிந்தது. அதே மாதம் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் வந்தது; சூன் 24-ஆம் நாள் சிங்கப்பூருக்கும் நீண்டது. சங்க அறையின் கதவு அடைபட்ட காலமும் காட்டு வழி திறந்த காலமும் ஒன்றே. கதவடைப்பே காட்டுக்குக் காரணம் என்று முடிப்பது எளிய முடிவு. கட்சி முன்னரே ஆயுதப் போரை நோக்கித் திரும்பியிருந்தது. இரண்டையும் ஒருங்கே சொல்வதே நேர்மை.

இரண்டு தமிழர், இரண்டு தீர்ப்புகள்

வழக்கைப் பற்றிய கூற்றுகளிலும் இதே குறை உண்டு. துப்பாக்கியைக் கண்டெடுத்து அதனை அதிகாரிகளிடம் ஒப்படைக்கச் சென்றதாகக் கணபதியின் தரப்பில் கூறப்பட்டது. மன்றம் அதனை ஏற்கவில்லை. புகழ்வோர் இதனை உறுதியான உண்மையாகவும், இகழ்வோர் அப்பட்டமான பொய்யாகவும் கொள்கின்றனர். இரண்டையும் விடுத்து, சட்டம் எதைக் கேட்டது என்று நோக்க வேண்டும். அவசரகால விதியின்படி ஆயுதம் வைத்திருத்தலே தூக்குக்குப் போதுமானது. எவரைச் சுட்டார் என்பதை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஒரு பொருள் ஒரு மனிதனின் முழு வாழ்வுக்கும் பகரமாக நின்றது.

அதே காலத்தில் சொகூரில் சாம்பசிவம் என்னும் தமிழர் இதே வகைக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றார். முதல் விசாரணையில் தோட்டாக்கள் வைத்திருந்ததாகக் கூறப்பட்ட குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுவிசாரணை நடந்தது. துப்பாக்கி, தோட்டா இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலமே மறுவிசாரணையில் அவருக்கு எதிரான சான்றாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் அத்தண்டனையை நீக்கியது. ஒரு குற்றத்திலிருந்து விடுதலை பெற்றவர் அக்குற்றத்தைப் பொறுத்தவரை முழுமையாகக் குற்றமற்றவரே. அவ்விடுதலையைப் பின்னைய விசாரணை புறக்கணித்தல் ஆகாது என்னும் அத்தீர்ப்பு இன்றும் பல நாட்டு நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது.

கணபதியை ஆயிரம் முறை பாடிய தமிழ், சாம்பசிவத்தை ஒருமுறையேனும் பாடியதா என்று கேட்கத் தோன்றும். உயிர் பிழைத்தவன் நடுகல் மரபுக்குப் பயன்படுவதில்லை. ஆயினும் அவசரகால நீதியின் தன்மையை அறிய விரும்பும் மாணவனுக்கு, தூக்கிலிடப்பட்டவரின் கதையைவிடத் தப்பியவரின் கதை மிகுதியாகக் கற்பிக்கும். மேல் மன்றம் வரை செல்லக் காலமும் வாய்ப்பும் கிடைத்த ஒருவர் வாழ்ந்தார். அறுபத்து நான்கே நாட்களில் முடிக்கப்பட்டவர் மாண்டார். கண்ணீர்க் கவிதைகள் பலவற்றைவிட இந்த ஒப்புமை கூர்மையானது.

மறுபக்கத்து மாண்டோர்

இத்தகைய வரலாறுகளில் இன்னொரு கடமையும் உண்டு. சிங்கப்பூர் வாசகர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1965 மார்ச் 10-ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்டு ஹவுசில் வெடித்த குண்டு மூவரைக் கொன்று 33 பேரைக் காயப்படுத்தியது. அதனை வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவர் 1968-இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் நாடு அவர்களை வீரர்களாகப் போற்றியது; 2014-இல் ஒரு போர்க்கப்பலுக்கு அவர்கள் பெயரையிட்டது. சிங்கப்பூர் வருந்தியது, மறு ஆண்டு அக்கட்டடத்துக்கு எதிரே மாண்டோர்க்கு நினைவுச் சின்னம் எழுந்தது. ஒரே செயலுக்கு இரண்டு கற்கள். ஒரு கல்லை மட்டும் படிப்பவன் பாதிக் கதையையே படித்தவனாவான்.

ஆயுதம் ஏந்தியவர் தாமே தம் வாழ்வை எழுதும்போதும் இக்குறை நீங்குவதில்லை. கிரேக்க நாட்டில் 1975 முதல் நகரத்துக்குள்ளேயே மறைந்து இயங்கிய ‘நவம்பர் 17’ என்னும் குழு 23 பேரைக் கொன்றது. 2002-இல் பிரேயசுத் துறைமுகத்தில் ஒரு குண்டு அதனை ஏந்திச் சென்றவன் கையிலேயே வெடித்ததால் அக்குழு வெளிப்பட்டது. அதன் முதன்மையாளருள் ஒருவரான திமித்ரிசு கூஃபோதினாசு தாமே சரணடைந்து, சிறையிலிருந்தபடி எழுதிய தன்வரலாறு 2014-இல் வெளிவந்தது. தமிழகத்தில் தென்னார்க்காட்டுத் தமிழாசிரியரும் நக்சல்பாரி இயக்கத்தவருமான புலவர் கு. கலியபெருமாள், மரண தண்டனையிலிருந்து மீண்டு, ‘மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்’ என்னும் நூலைத் தந்தார். இவை மதிப்புமிக்க சான்றுகள். எனினும் இவற்றில் பேசுவோன் ஒருவனே. கொல்லப்பட்டவனின் மனைவிக்கும் மக்களுக்கும் அங்கே குரல் இராது. அக்குரலைத் தேடிச் சேர்ப்பது திறனாய்வாளன் கடமை. கணபதி எவரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் சார்ந்த கட்சி நடத்திய போரில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். அவர்களுள் ஏழைத் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். அதே போரில் 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரித்தானியப் படையினர் கிராமத்தார் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது வரலாறு ஆகாது.

புனைகதை காட்டும் வழி

வரலாறு தயங்கிய இடத்தில் புனைகதை ஒன்று துணிந்து சென்றிருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. மேடான், பினாங்கு முதலிய ஊர்களில் வாழ்ந்த வட்டிக்கடைத் தமிழரின் உலகத்திலிருந்து பாண்டியன் என்னும் இளைஞன் படைக்குள்ளும் மறைமுகச் செயல்களுக்குள்ளும் செல்வதை அது காட்டுகிறது. கடைத்தெருவின் பேச்சும் கணக்கும் கிண்டலும் அவனை விட்டு நீங்குவதில்லை. துப்பாக்கி அவன் கைக்கு வருமுன்னரே அவன் மனம் எதையெல்லாம் சுமந்து வந்தது என்பதைப் படிப்போர் அறிந்துவிடுகின்றனர். பாண்டியன் தொழிலாளர் தலைவன் அல்லன். கணபதியின் கொள்கை அவனிடம் இல்லை. ஆயினும் அந்நாவலின் முறை கணபதியின் வரலாற்றுக்கு வேண்டிய முறையே. ஐயுறும் மனிதனாக, சிரிக்கும் மனிதனாக, தவறும் மனிதனாக அவனைக் காட்டத் தமிழுரைநடையால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அதற்கான கருவிகள் இன்று எட்டாத் தொலைவில் இல்லை. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து வைத்துள்ளது. ஒரு தமிழாசிரியர் தம் மாணவர் ஐவரை அழைத்து, 1946 முதல் 1949 வரையுள்ள இதழ்களுள் ஆளுக்குச் சில மாதங்களைப் பகிர்ந்தளிக்கலாம். அரிசி என்ன விலை, துறைமுகக் கூலி எவ்வளவு, எந்தத் திடலில் எவர் பேசினார் என்பவற்றை அவர்கள் குறித்து வந்தால், ஓராண்டில் கணபதியைச் சூழ்ந்திருந்த உலகம் வகுப்பறைக்குள் வந்துவிடும். அதன்பின் அவரைத் தியாகி எனலாமா, குற்றவாளி எனலாமா என்று அம்மாணவரே வாதிடட்டும். அவ்வாதம் அறிந்தோர் வாதமாக இருக்கும்.

புடு சிறைச்சாலையின் மதில்கள் 2010 முதல் இடிக்கப்பட்டன. அதன் நுழைவாயிலே இன்று எஞ்சி நிற்கிறது. ஃபேரர் பார்க் திடலும் முன்போல் இல்லை. நகரம் அதனைச் சுற்றி உயர்ந்துவிட்டது. இடங்கள் மறையும்போது எழுத்தின் பொறுப்பு கூடுகிறது. தூக்குமேடையில் தொடங்கிய கணபதியின் வரலாற்றை, கப்பலிலிருந்து சிங்கப்பூரில் இறங்கிய ஒரு தஞ்சைச் சிறுவனிடமிருந்து மீண்டும் தொடங்கி எழுத வேண்டும். அவ்வாறு எழுதப்படும் நூலின் கடைசி இயலில் கயிறு வரும்போது, அங்கே மாண்டவர் எவர் என்பதைப் படிப்போர் அறிந்திருப்பர்.